பேரின்பநாதன் பல்கனியான கதை

லாசால்
4 மார்ச் 2025

என் அன்புக்கும், இப்போதைக்குக் கோபத்துக்கும் உரிய மருமகள் நிருஷாவுக்கு,

நான் இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். எழுதுகிற எனக்கே நம்பிக்கை குறைவு. ஆனாலும் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, சென்ட் லோரன்டில், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உயிரோடு இருந்த ஒரு மனிதன் பல்கனியாக மாற்றப்பட்டான். அந்த மனிதன் நான்.

உன் தொலைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். எத்தனை தரம் அடித்தாலும் ஒரு பிரெஞ்சுப் பெண் மிகுந்த மரியாதையோடு என்னைத் துரத்திவிடுகிறாள். அதனால் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். நடந்தது உனக்கு மறந்திருக்கும், ஓகே சொன்னவர்களுக்கு எல்லாம் மறந்துவிடும். நான் நினைவூட்டுகிறேன்.

உன் அம்மா, என் கிளியக்கா, ரசத்துக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தாள். நீ லாப்டாப்பை விரித்துவைத்துப் பலெர்மோ பயணத்துக்குப் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தாய். இத்தாலியில் பலெர்மோ என்றால் சும்மா ஊரா. அந்தக் கடலில் போன சாம்ராச்சியம் எல்லாம் இறங்கித் தேத்தண்ணி குடித்த துறைமுகம். அராபியன் வந்தான், நோர்மன்காரன் வந்தான், ஸ்பானியன் வந்தான், கடைசியாக என் தம்பி அரியரத்தினம் வந்தான். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவன் போகவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

அப்போது நீ, தலையை நிமிர்த்தாமல், "மாமா, நீங்களும் வாறதெண்டா வாங்கோ" என்றாய்.

நான், நல்ல குடும்பத்தில் பிறந்தவன் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி, "எனக்கென்னத்துக்குப் பிள்ளை, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றேன்.

"ஓகே மாமா" என்றாய். ஒரு பொத்தானை அமத்தினாய். அவ்வளவுதான். ரசம் கொதிக்குமுன் நான் போய்விட்டேன்.

அன்றிரவே உன் பட்ஜெட் குடும்பக் குழுவில் வந்தது. மூன்று டிக்கெட் இரண்டாகியிருந்தது. ஹோட்டல் என்ற வரியில், சாதாரண அறை இருந்த இடத்தில், 'கடல் பக்க அறை, பல்கனியோடு' என்று ஏறியிருந்தது. நான் கூட்டிப் பார்த்தேன். என் டிக்கெட்டின் விலையும் அந்தப் பல்கனியின் விலையும் ஒன்று. ஒரு கோப்பிக் காசுதான் வித்தியாசம். ஆக, ஜூன் மாதம் நீ கோப்பியோடு வந்து சாய்ந்து நிற்கப்போவது என் மேல்.

டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் விமானச் சாப்பாடு அடுக்கினவன் நான். நான் மூடிய கோழிக்கறித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சந்திரனில் இடிக்கும். உலகம் முழுவதையும் ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்கதவால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவனை நீ ஒரு கம்பி அடைப்பாக மாற்றிப்போட்டாய்.

இன்னொன்று. சொந்த மாமன் இருக்கிற ஊரில் ஹோட்டலா. அரியரத்தினத்தோடு நான் கதைப்பதில்லை என்பது உண்மை. ஆறு வருடத்துக்கு முன் தன் மகளின் கலியாணத்துக்கு அவன் ஒரு போன் அடித்துச் சொல்லவில்லை. வாட்சப்பில் ஒரு படத்தைப் போட்டு, 'அனைவரும் வருக' என்று எழுதினான். அனைவரும். கூடப்பிறந்த அண்ணன் அனைவரா? நான் போகவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் அவன் இருக்கிற ஊரில் நீங்கள் ஹோட்டலில் தங்கினால் அது அவனை மட்டுமல்ல, அவனோடு கதைக்காத என்னையும் சேர்த்து அவமதிப்பது.

எனக்கு ஒன்றும் வேண்டாம். நான் கேட்கவுமில்லை.

இப்படிக்கு,
கடலைப் பார்த்தபடி,
உன் தாய்மாமன் பேரின்பநாதன்


சென்ட் லோரன்ட்
9 மார்ச்

மாமா,

எழுத்துப் பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். அங்கே என்னைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான்.

முதலில் போன். நீங்கள் அனுப்பிய குரல்பதிவு பதினொரு நிமிடம். நான் வேலைத்தலத்தில், மருந்துக் குப்பிகள் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில், சூப்பர்வைசர் நிற்க, கை தவறி அமத்திவிட்டேன். "ஓ, என் குலமே" என்று நீங்கள் அழுதது மண்டபம் முழுக்கக் கேட்டது. சூப்பர்வைசர் என் தோளைத் தட்டி, செத்தவர் நெருங்கின சொந்தமா என்று பிரெஞ்சில் கேட்டார். அதனால் தடுத்தேன். இனியும் எதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள். எழுத்து சத்தம் போடாது.

இரண்டாவது. நான் கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஒரு மனிதர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எனக்கு இந்த ஊர் படிப்பித்திருக்கிறது. வளர்ந்த ஆளின் வாயிலிருந்து வந்த சொல்லை நம்பியதற்காக எனக்கு ஏன் பேச்சு விழுகிறது?

மூன்றாவது, பல்கனி. இரண்டு வருடமாகச் சனிக்கிழமையும் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு இது. அம்மாவுக்கு அரியம் மாமாவைப் பார்க்க வேண்டும், அங்கே மலைக்குகைக் கோயிலில் இருக்கிற புனித ரொசாலியாவிடம் போக வேண்டும். பலெர்மோத் தமிழாக்கள் சைவம் கிறிஸ்தவம் பார்க்காமல் எல்லாரும் அங்கே போறவை என்று அம்மா எத்தனை தரம் சொல்லிவிட்டா. நல்லது, கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கென்று அதில் ஒரே ஒரு வரிதான். காலையில் எழும்பி, 'ஏன் பிள்ளை இன்னும் கலியாணம் கட்டேல்லை' என்று ஒருவரும் கேட்காத இடத்தில், கோப்பியோடு கடலைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஹோட்டல். அதற்குத்தான் பல்கனி. அதைப் பார்த்தும் உங்களுக்கு எரிகிறது.

உங்களுக்கு வர விருப்பமென்றால் விருப்பம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்துக்கூட இல்லை, 'ஓம்'.

நிருஷா


லாசால்
14 மார்ச்

மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. உறையைத் திறந்தபோது வந்த சூட்டில் என் வீட்டு வாசலில் உறைந்து கிடந்த பனி உருகி, கீழ்வீட்டுப் போர்த்துக்கீசன் வெள்ளம் என்று நகரசபைக்குப் போன் அடித்துவிட்டான்.

பிள்ளை, உனக்கு ஒரு சட்டம் தெரியவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அது பாடமில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் அழைத்தால் முதல்தரம் 'வேண்டாம்' என்பது மரியாதை. இரண்டாம்தரம் 'சீ, என்ன கரைச்சல், உங்களுக்கு வீண் சிரமம்' என்பது, மெய்யாகத்தான் கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிறது. மூன்றாம்தரம்தான் பதில். தேத்தண்ணிக்கே மூன்றுதரம் கேட்கிற சாதிசனம் நாங்கள். நீ என்னை ஒரு கண்டம் விட்டுக் கண்டத்துக்கு ஒரேதரம் கேட்டாய். அதுவும் 'வாறதெண்டா வாங்கோ'. அது அழைப்பா? பஸ் சாரதிகூட நின்று கதவைத் திறக்கிறான்.

'ஓம்' சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். ஒருதரம் கேட்டவுடன் ஓம் என்று பாய்கிற ஆள் என்ன ஆள்? என் வயதில் அப்படி ஒருவன் இருந்தால் சொல், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சரி. நான் வரவில்லை. பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். ஆனால் தாய்மாமன் என்ற கடமையை விடமுடியாது. உன் பட்ஜெட்டில் 'எதிர்பாராத செலவு' என்று ஒரு வரி வெறும் இருநூறு டொலரோடு பசியில் கிடந்தது. அதற்கு உதவியாகச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். பலெர்மோவில் என் பழைய கூட்டாளி அருள்நேசனுக்குப் போன் அடித்து, கிளியக்கா வருகிறாள் என்று ஒரு சொல், ஒரேயொரு சொல், சொல்லிவைத்தேன். அவன் யாருக்கும் சொல்லமாட்டான். லாசாலில் இரண்டொருவருக்கும் சொன்னேன். பலெர்மோவில் பிள்ளைகள் இருக்கிற சனம், சின்னச் சின்னப் பார்சல் தந்தால் மறுக்க முடியுமா? 'என்ர மருமேள் கொண்டுபோவாள், தங்கமான பிள்ளை' என்றேன். உன் புகழ் இப்போது ஆற்றுப் பாலத்தைக் கடந்து தென்கரைக்கும் போய்விட்டது.

நன்றி சொல்ல வேண்டாம்.

பேரின்பநாதன்


சென்ட் லோரன்ட்
23 மார்ச்

மாமா,

உங்கள் அருள்நேசன் யாருக்கும் சொல்லவில்லை. பலெர்மோவுக்கு மட்டும்தான் சொன்னார்.

இந்தக் கிழமை மட்டும் ஐந்து வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன். ஐந்து விருந்து. ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் கோபமாம். வெறுங்கையோடு போனாலும் கோபமாம். ஐந்து வீட்டுக்கும் அன்பளிப்பு, பிள்ளைகளுக்குத் தனித்தனியாக. அதிலே ஒரு வீட்டில் எங்களைக் கேட்காமலே ஆடு சொல்லிவைத்துவிட்டார்கள். அம்மா எல்லாருக்கும் ஒருதரத்திலேயே ஓம் சொல்லிவிட்டா. உங்கள் கூடப்பிறந்த அக்காவுக்கு உங்கள் சட்டம் தெரியாதோ?

பார்சல். நேற்றுக் காலையில் மணி அடித்தது. எமிலியானுஸ் என்று ஒருவர், மட்டக்களப்பு ஆள், நான் வாழ்க்கையில் கண்டதில்லை. கையில் ஒரு மூட்டை.

"பலெர்மோவில இருக்கிற என்ட மகள் கத்தரினுக்கு. சின்னச் சாமான்தான் பிள்ளை."

வாங்கினேன், கை கீழே போய்விட்டது. பித்தளை இடியப்ப உரல். அவருடைய தாயின் உரலாம். அதோடு மேப்பிள் சிரப் ஆறு போத்தல், இத்தாலியில் கிடைக்காது என்று. நான் மறுக்கப் போனேன். அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உரல் எப்படிப் படுக்க வேண்டும் என்று என் பெட்டியில் வைத்தே காட்டினார். பெட்டியில் இன்னும் என் உடுப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் நிறை முடிந்துவிட்டது. அவர் போனபின் இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒருவர் தராசும் கொண்டுவந்தார், எங்களுக்கு உதவியாக.

இப்போது கணக்கைக் கேளுங்கள். கூடுதல் பெட்டிக்குக் காசு. அன்பளிப்புக்குக் காசு. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வீட்டில் சாப்பாடு, ஆகவே நான் பார்க்க நினைத்த பழைய சந்தை, அந்தத் தங்க ஓடு பதித்த கோயில், எல்லாவற்றுக்கும் நேரமில்லை. அருள்நேசன் சொல்கிறாராம், ஹோட்டலில் தங்கினால் அரியம் மாமா ஊரில் தலைகாட்ட முடியாதாம். எனக்கு இரவில் நித்திரை இல்லை, உங்கள் பெருந்தன்மையால்.

நான் போட்ட பயணத்தில் கடல் இருந்தது. நீங்கள் திருத்தினதில் ஆடு இருக்கிறது.

மலிவு டிக்கெட் மாத முடிவோடு சரி. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம்தரம் கேட்கிறேன். வருகிறீர்களா? பல்கனியை விட்டுச் சாதாரண அறை எடுத்தால் உங்கள் டிக்கெட் வரும். நீங்கள் ஏற்றிவைத்த சுமையை நீங்களே தூக்கலாம்.

நிருஷா


லாசால்
27 மார்ச்

நிருஷா,

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பது கணக்கில் சேராது. சுமை தூக்கக் கூப்பிடுவது அழைப்பு அல்ல, அதற்கு விமான நிலையத்தில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. நானே அங்கேதான் இருந்தேன்.

ஆகவே, சீ, என்ன கரைச்சல். நான் வரவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உன் அறையில் நான் தங்கலாம். ஆனால் அரியரத்தினம் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? நீங்கள் எல்லாரும் உள்ளே போவீர்கள், நான் படியில் நிற்பேன். அவன் 'வா' என்று சொல்லவேண்டும். சொல்வானா? கலியாணத்துக்கே ஒரு போன் அடிக்காதவன். அவன் கூப்பிடாமல் நான் படி ஏறினேன் என்று ஒரு கதை பலெர்மோவிலிருந்து லாசாலுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறாய்? அருள்நேசனுக்கு நாக்கு மட்டும் ஐந்து முழம்.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது. ஜூனில் நகரசபை என் தெருவில் குழி மூடப்போகிறது, நான் நிற்காவிட்டால் பிழையாக மூடுவான்கள்.

பேரின்பநாதன்


சென்ட் லோரன்ட்
31 மார்ச்

மாமா,

நேற்றிரவு அம்மாவிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதையும். பிறகு கேட்டேன். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குப் பல்கனி வேணுமா, மாமா வேணுமா?"

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்குக் கடல் என்னத்துக்கு? நான் பாக்காத கடலே? உவங்கள் ரெண்டு பேரையும் ஒரு மேசையில இருத்தி, ஒரு நேரச் சோறு போடவேணும். அதுக்குத்தான் போறன்."

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, மாமா. நீங்கள் சொல்லமாட்டீர்கள், அம்மா சொல்லமாட்டா, அரியம் மாமா சொல்லமாட்டார். நான் மட்டும் எல்லாருடைய மனதையும் மோப்பம் பிடித்து, அதற்குப் பட்ஜெட்டும் போட வேண்டும். வயது போன மூன்று ஆட்கள், ஆளுக்கொரு சொல் சொன்னால் முடிகிற விஷயம்.

இருந்து மறுபடியும் கணக்குப் போட்டேன். உங்கள் விருந்து, பார்சல், அன்பளிப்பு எல்லாம் சேர்த்தால் மூன்று பேருக்குக் காசு காணாது. இரண்டு பேருக்குக் காணும். ஆகவே ஒரு பெயரை வெட்டினேன். என்னுடையதை.

உருக வேண்டாம், இது தியாகம் இல்லை. கோபம். அந்தப் பயணம் இனி என்னுடையது இல்லை. ஹோட்டலை நிற்பாட்டிவிட்டேன். அந்தக் காசை ஒருவரும் தொட முடியாத இடத்தில் போட்டிருக்கிறேன். அடுத்த வருடம் நான் தனியாகப் போகிறேன், பல்கனியோடு, பலெர்மோவில் ஒரு தமிழ்க் குஞ்சுக்கும் சொல்லாமல். நீங்கள் அருள்நேசனுக்கு ஒரு சொல் சொன்னீர்களென்றால் எமிலியானுஸின் உரலை உங்கள் தலையில் கவிழ்ப்பேன்.

அம்மாவும் நீங்களும் அரியம் மாமா வீட்டில்தான். போன் அடித்து அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனை தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவை எத்தினை மணிக்கு இறங்குவினம்?" என்றார். அவ்வளவுதான். 'வரச்சொல்லு' என்று சொல்லவில்லை. அவரும் உங்கள் சட்டப்படி நடக்கிறவர் போல.

உங்கள் பெயரில் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. காசு திரும்பாது. நீங்கள் மாட்டேன் என்றால் அந்த இருக்கையில் இடியப்ப உரல் பெல்ட் போட்டு இருந்து போகும்.

மாமா, வாங்கோ. மூன்றாம்தரம்.

நிருஷா

பி.கு. அம்மா சொல்லச் சொன்னது: இதற்கும் மாட்டேன் என்றால் தான் செருப்போடு லாசாலுக்கு வருவாவாம். கையில்.


பலெர்மோ
8 ஜூன்

என் குலவிளக்கே, பட்ஜெட்டின் பேரரசியே,

வந்து சேர்ந்தோம். நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. மூடியைத் திறந்தேன். அந்தக் கோழிக்கறி யாரோ அரைமனதோடு அடுக்கியது. நான் எழுந்து நின்று அதைப்பற்றி உரையாற்றினேன். விமானி கதவைத் திறந்துவந்து மன்னிப்புக் கேட்டு, ரோமாபுரி வரைக்கும் என்னையே ஓட்டச் சொன்னான். கிளியக்கா, 'அவனுக்குக் கண் தெரியாது' என்று சொல்லிவிட்டபடியால் உலகம் தப்பியது.

பலெர்மோத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் எனக்காக ஊதின. மேயர் வரவில்லை, அவருக்கு வெட்கமாம். இடியப்ப உரலைச் சுங்கத்தில் நாலு அதிகாரிகள் தூக்கிப் பார்த்து, நோர்மன் ராசாவின் கிரீடம் என்று நூதனசாலைக்கு எடுத்துப்போக வந்தார்கள். நான் அதைத் தலையில் வைத்துக் காட்டி மீட்டேன். கத்தரின் என்கிற பிள்ளை அதை வாங்கி மடியில் வைத்துக் கையால் தடவிப் பார்த்தாள். அன்றிரவு அவள் பிழிந்த இடியப்பத்தை நூலாகக் கோத்தால் சிசிலித் தீவை மூன்று சுற்றுச் சுற்றலாம்.

கிளியக்கா மலைக்குப் போனாள். அவள் முழங்கால் நோவைப் பற்றிக் கேள்விப்பட்ட தமிழ் உதைபந்தாட்டக் குழு முழுவதும் வந்து, கால் நிலத்தில் படாமல் கொண்டுபோய்க் குகை வாசலில் வைத்தார்கள். ஐந்து விருந்தும் முடிந்தது. ஆறாவதாக ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு நாங்கள் வரவில்லை என்று கோபித்து, அருள்நேசனோடு கதைப்பதில்லை. அருள்நேசன் மெலிந்துவிட்டான், சொல்ல ஆளில்லாமல்.

உன் பல்கனியைப் போய்ப் பார்த்தேன், தெருவில் நின்று. மூன்றாம் மாடி, நீலக் கம்பி. அதில் ஒரு ஜெர்மன்காரர் பனியனோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அது என்னுடைய இடம், என் மருமகள் அடுத்த வருடம் வருகிறாள், அதற்கிடையில் கூட்டித் துடைத்து வைக்கவேண்டும் என்று தமிழில் கத்திச் சொன்னேன். கையசைத்தார். உன் கோபம் நியாயமானது. இதை நான் கடிதத்தில் மட்டும்தான் சொல்வேன், நேரில் கேட்டால் மறுப்பேன்.

உன் 'எதிர்பாராத செலவு' வரியில் இன்னும் பதினேழு டொலர் மிச்சம் இருக்கிறது. பார்த்துக்கொள், என்னைப்போல் ஒரு சிக்கனக்காரன் இத்தாலி சரித்திரத்தில் இல்லை.

இதில் ஒன்றையும் நீ நம்பமாட்டாய். நம்பவும் வேண்டாம். அம்மாவைக் கேட்டால், அவள் மலைக்குப் பஸ்ஸில் போனதாகச் சொல்லுவாள். இருக்கலாம்.

ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. விமான நிலையக் கதவு திறந்தது. அரியரத்தினம் நின்றான். தலையில் ஒரு மயிர் இல்லை, முதலில் எங்களைப் பெற்ற ஐயா என்று நினைத்துவிட்டேன். நான் முதல்தரத்துக்கு ஒரு மறுப்பு, இரண்டாம்தரத்துக்கு ஒரு மறுப்பு, அத்திலாந்திக் முழுவதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன். அவன் அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டு, என் கையிலிருந்த பெட்டியை வாங்கினான். முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்கோ அண்ணை, வீட்டை போவம்."

ஒருதரம்தான் கேட்டான். நான் ஓம் என்றேன்.

பேரின்பநாதன்